எண்ணெய் தெறிக்குதா? ஈரத்தைக் கவனிங்க!

மீன் வறுத்த நாளில் கையில் கொப்புளம், சுவரெல்லாம் மஞ்சள் புள்ளி. திட்டு வாங்குவது எண்ணெய்தான். ஆனால், நிஜக் குற்றவாளி தண்ணீர்!

பொரிக்கும் எண்ணெயின் சூடு சுமார் 180 டிகிரி. தண்ணீருக்கு 100 டிகிரியே போதும். மீனில் ஒட்டியிருக்கும் ஈரம் எண்ணெயில் இறங்கியதும் சட்டென்று ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது. அந்த வேகத்தில்தான் எண்ணெய் மேலே தெறிக்கிறது. சீடை வெடிப்பதும் இதனால்தான். உள்ளே சிக்கிய ஆவிக்கு வெளியேற வழியில்லை. உருட்டிய சீடையைத் துணியில் பரப்பி உலரவிடுவது சும்மா சம்பிரதாயம் அல்ல.

மசாலா தடவும் முன் மீனைத் துணியால் ஒற்றி எடுங்கள். கறிவேப்பிலையையும் ஈரம் போகத் துடைத்தே தாளியுங்கள். குழிவான கடாயில் பாதிக்குக் கீழே எண்ணெய் இருக்கட்டும். தட்டுப் போட்டு மூடினால், அதில் கோக்கும் நீர் மறுபடி எண்ணெயில் சொட்டும். கம்பி வலை மூடி நல்லது.

தெறித்ததை அன்றைக்கே, அடுப்பு ஆறியதும், வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்து துடைத்தால் போதும். நாள்பட்டால் காற்றுபட்டு பிசின்போல் இறுகிவிடும். அதற்கு சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, 15 நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். அலுமினியத்தில் மட்டும் வேண்டாம், கறுத்துவிடும்.

கடாயில் தீயே பிடித்துவிட்டால்? தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய் சிதறித் தீ பரவும். கடாயை நகர்த்தாமல் அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.