கொசுறு மட்டும் போதுமா?

மளிகைக்கும் காய்கறிக்கும் வாடிக்கை உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்குமா என்று கேட்பீர்கள். உண்டு சகோதரிகளே! பொழுதுபோக்காக ரோபோ, ரேடியோ என்று செய்து பார்ப்பவர்களுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களை நானும் என் மகனும் வீட்டு மாடியறையிலிருந்து ஆன்லைனில் விற்கிறோம். சாமான் தருவிப்பது அவன். பொட்டலம் கட்டுவதும் போனில் பேசுவதும் என் பாடு.

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. நேரில் பார்த்து வாங்கலாம். பரமக்குடியிலும் போடியிலும் இருப்பவர்கள் நம்மை நம்பித்தானே பணம் அனுப்புகிறார்கள்? முதல் தடவை வாங்கும் நூறு ரூபாய்ச் சாமானில் அட்டைப்பெட்டி, கூரியர் செலவு போக மிஞ்சுவது சொற்பம். அதே ஆள் திரும்பத் திரும்ப வந்தால்தான் கடை நிற்கும். விலையைக் குறைத்துப் பெரிய கடைகளோடு போட்டி போட நம்மால் ஆகுமா? எனவே நான் செய்வது இதுதான்:

பெயர் எழுதி அனுப்புங்கள்

ரெசிஸ்டரில் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று கோடு இருந்தால் 220 ஓம். பழுப்புக்குப் பதில் ஆரஞ்சு என்றால் 22,000 ஓம்! மாற்றிப் போட்டால் எல்.இ.டி. விளக்கு எரிந்தும் எரியாமலும் மினுங்கும். அதனால் ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, அளவை எழுதி ஒட்டிவிடுவேன்.

அனுப்புமுன் கேளுங்கள்

ஈ.எஸ்.பி. 32 என்ற போர்டின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. அதோடு 5 வோல்ட் சிக்னல் தரும் சென்சாரையும் ஒருவர் கேட்டால், மகன் உடனே போன் செய்து, "நேரே இணைக்காதீங்க, போர்டு கெட்டுடும்" என்று எச்சரிப்பான். ஏற்கெனவே வைத்திருக்கும் சாமானே போதும் என்றால் அதையும் சொல்லிவிடுவோம். அன்றைய விற்பனை போகும், ஆள் போகமாட்டார்.

போனை எடுங்கள்

ஒருநாள் இரவு ஒரு தாயார் பதறிக்கொண்டு பேசினார். "நாளைக்கு ஸ்கூல்லே எக்ஸிபிஷன். லைட்டே எரியமாட்டேங்குது. புள்ளை அழுவுது!" எல்.இ.டி.யின் நீளமான கால் பிளஸ் பக்கம் இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். திருப்பிப் போட்டதும் எரிந்தது. இப்போது அவர் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நம் கடைதான்!

அமெரிக்காவில் லிமோர் ஃப்ரீட் என்ற பெண் என்ஜினியர் 2005-ல் ஆரம்பித்த அடாஃப்ரூட் நிறுவனம், விற்கும் சாமான்களை எப்படி இணைப்பது என்று படங்களுடன் இலவசப் பாடங்களே வெளியிடுகிறது. நம்மால் முடிந்தது, தமிழில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன்.

கறிவேப்பிலைக் கொத்து மாதிரி இரண்டு எல்.இ.டி. கொசுறும் உண்டு. பிள்ளைகளுக்கு அதில் ஒரு குஷி! ஆனால் வந்த சாமான் அன்று மாலையே வேலை செய்தால்தான் கொசுறுக்கு மதிப்பு. ஊறுகாய் போட்டு, பிளவுஸ் தைத்து வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் சகோதரிகளே, உங்கள் தொழிலுக்கும் இது பொருந்தும்தானே?