கட்டளை வரி இசைத்தொகுப்புப் பராமரிப்பு

கட்டளை வரி இசைத்தொகுப்புப் பராமரிப்பு என்பது, ஒருவர் தம் கணினியில் சேர்த்து வைத்துள்ள இசைக்கோப்புகளைத் தட்டெழுதும் கட்டளைகளின் மூலம் பெயரிட்டு, வகைப்படுத்தி, நகலெடுத்துக் காக்கும் முறையாகும். ஒரே கட்டளையால் ஆயிரம் கோப்புகளைத் திருத்தலாம். பிழையும் அதே வேகத்தில் பரவும்.

குறிச்சொற்களில் தமிழ்ப் பெயர்கள்

எம்பி3 கோப்பில் பாடல், கலைஞர் முதலிய விவரங்கள் ஐடி3 எனப்படும் குறிச்சொற்களில் பதியப்படுகின்றன. 1996இல் உருவான இதன் முதற்பதிப்பு, கலைஞர் பெயருக்கு 30 பைட்டுகளே ஒதுக்கியது. யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். துணைக்காலும் புள்ளியும்கூடத் தனிக் குறிகளே. எனவே 10 குறிகள் மட்டுமே அடங்கும். "இராமநாதபுரம்" என்னும் ஊர்ப்பெயருக்கே 36 பைட்டுகள் தேவை. ஆகவே பாடகர் இராமநாதபுரம் கிருஷ்ணனும் (1918–1973) மிருதங்கக் கலைஞர் இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதியும் "இராமநாதபுர" என ஒருவராகிவிடுவர். வெட்டுண்ட எழுத்துகளைக் கட்டளையால் மீட்க முடியாது. நாடா அல்லது வட்டின் உறையைப் பார்த்து மீண்டும் எழுதுவதே வழி. ஐடி3 இரண்டாம் பதிப்பிலும் ஃபிளாக் வடிவத்திலும் இக்குறை இல்லை.

ஒரே பெயர், இரு வடிவங்கள்

"தனுஷ்கோடி" என்பதிலுள்ள "கோ"வை ஒருங்குறியில் ககரத்துடன் ஓகாரக் குறி சேர்த்தும், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆயினும் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகக்கூடும். பழைய மாக் கணினிகளின் கோப்பு முறைமை பிரிந்த வடிவையே பயன்படுத்தியது. கன்வ்எம்வி என்னும் கருவி கோப்புப் பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றித் தரும்.

பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரின் (1860–1919) பெயரிலுள்ள "ஸ்ரீ" இதனினும் சிக்கலானது. அது ஸகரத்தாலோ 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தாலோ எழுதப்பட்டிருக்கலாம். இவற்றை ஒருங்குறி சமமாகக் கொள்வதில்லை என்பதால் தனியே கட்டளையிட்டு மாற்ற வேண்டும். கிருஷ்ணனா கிருட்டிணனா என்பதைப் பயனரே தீர்மானிக்க வேண்டும். கிரந்தம் பற்றிய விவாதம் தமிழ்க் கணிமையில் ஓய்ந்தபாடில்லை.

வகைப்படுத்தலும் நகலெடுத்தலும்

பைத்தானில் எழுதப்பட்ட பீட்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளத்துடன் ஒப்பிட்டுக் குறிச்சொற்களைத் திருத்தி, கோப்புகளை அடைவுகளில் அடுக்குகிறது. அத்தளத்தில் இல்லாத பதிவுகளுக்கு இது உதவாது. இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் ஒலிநாடாக்களை வீட்டிலேயே எண்ணிம வடிவுக்கு மாற்றியவர், விவரங்களைத் தாமே உள்ளிட வேண்டியிருக்கலாம்.

நகலெடுக்க ஆர்சிங்க் பயன்படுகிறது. மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவது இதன் சிறப்பு. இதன் நீக்கல் விருப்பத்தேர்வு, மூலத்தில் இல்லாத கோப்புகளை நகலிலிருந்தும் அழிக்கும். மூல வன்தட்டு இணைக்கப்படாத நிலையில் அதன் வெற்று அடைவை மூலமாகக் காட்டி இக்கட்டளையை இயக்கினால் நகல் முழுவதும் அழியும். கன்வ்எம்வி, வெளிப்படையாகப் பணித்தாலன்றி எதையும் மாற்றாது. செய்யவிருப்பதைக் காட்டுவதோடு நிற்கும். ஆர்சிங்கிலோ இத்தகைய ஒத்திகையைப் பயனர்தான் கேட்டுப் பெற வேண்டும்.