வலி குறைந்தது, எதனோடு ஒப்பிட்டால்?

ஆம்பூர் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் அண்மையில் கேட்டார்: "அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், சார். ஹார்மோன் மாத்திரையால் வந்த மூட்டுவலியைத் தாங்க முடியவில்லை. மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்கிறார். வேலூரில் அக்குபஞ்சர் செய்து பார்க்கலாமா?"

மருத்துவம் என் துறையன்று. ஆனால், ஆதாரத்தை எடைபோடும் முறை எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. ஊசி குத்திய பின் வலி குறைந்தது என்பது அனுபவம் மட்டுமே. வலி தானாகவும் தணியும். நம்பிக்கையாலும், அக்கறையான கவனிப்பாலும் தணியும். எனவே, எதனோடு ஒப்பிட்டுக் குறைந்தது என்பதே கேள்வி.

அந்தத் தாயின் நிலைக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் 11 மையங்களில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியானது. இதே வகை மூட்டுவலியுள்ள 226 பெண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஆறு வாரங்களில், 10 புள்ளி அளவுகோலில், உண்மையான அக்குபஞ்சர் பெற்றோருக்கு வலி 2.05 புள்ளி குறைந்தது. போலி ஊசி பெற்றோருக்கு 1.07, சிகிச்சையின்றிக் காத்திருந்தோருக்கு 0.99. ஆக, அக்குபஞ்சருக்கே உரிய பலன் ஏறத்தாழ ஒரு புள்ளி. பலன் உண்டு, பெரிதன்று.

மற்ற வகைப் புற்றுநோய் வலிகளுக்கு ஆதாரம் இன்னும் மெலிது. ஐந்து ஆய்வுகளை அலசிய 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, முடிவு கூறப் போதிய சான்றில்லை என்றது. 920 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான பகுப்பாய்வு, வலி குறைவதாகக் கண்டது. சான்றின் உறுதியை மட்டும் நடுத்தரம் என்றே மதிப்பிட்டது. 2022-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், ஹார்மோன் மாத்திரையால் வரும் மூட்டுவலிக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைத்தது.

இனி, பொருளியல் கணக்கு. 2018 ஆய்வில் முதல் ஆறு வாரங்களுக்கு வாரம் இருமுறை சிகிச்சை தரப்பட்டது. கட்டணம் ஒருபுறமிருக்க, தோல் தொழிலாளர் குடும்பத்துக்கு அது பன்னிரண்டு நாள் பயணம். உடன் செல்பவருக்குக் கூலி இழப்பு. ஒரு புள்ளிக்கு இந்த விலை தகுமா? வலியைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்துவது நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும். அதைத் தடுக்குமானால் தகும் என்பேன்.

ஆனால், அக்குபஞ்சர் துணையாகவே இருக்க வேண்டும், மாற்றாக அன்று. கடும் வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. அதைப் பெறும் சட்டச் சிக்கலை 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்தியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வலித்தணிப்புப் பிரிவும் உள்ளது. மாணவரிடம் சொன்னேன்: "மாத்திரையை நிறுத்த வேண்டாம். முதலில் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் வலியைச் சொல்லுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஊசிக்கு இடம் தருமா என்றும் கேளுங்கள்."