முன்பின் தெரியாதவரோடு பங்கில் வீடு: செயலி தரகராக இருந்தால் போதுமா?

நமது உறுப்பினர்களில் பலருக்கு இன்றும் சொந்த வீடு அமையவில்லை. கோட்டாறிலோ வடசேரியிலோ பலசரக்குக் கடை வைத்து இருபது வருடம் உழைத்தவர் கையில் பதினைந்து, இருபது லட்சம் சேர்ந்திருக்கும். ஆனால் நாகர்கோவில் மாநகர எல்லைக்குள் நாலு சென்ட் நிலமும் அதில் ஒரு வீடும் அந்தத் தொகைக்குள் அடங்குவதில்லை. இந்நிலையில், "நம்மைப் போலவே பாதிப் பணத்தோடு நிற்கும் இன்னொருவரைத் தேடிப் பிடித்து, இருவருமாகச் சேர்ந்து வீடு வாங்க வழி செய்யும் செயலி ஒன்று இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர், அப்படி ஒரு சேவையைத் தாங்களே ஆரம்பிக்கலாமா என்றும் யோசிக்கிறார்கள். எனவே இதன் உள்விவரங்களைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஆளைத் தேடிச் சேர்த்து வைப்பது நமக்குப் புதிய தொழில் அல்ல. நிலத் தரகர் செய்வதும் கல்யாணத் தரகர் செய்வதும் அதுதான். கல்யாண விஷயத்தில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு பல வருடங்கள் ஆகிவிட்டன. முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மேட்ரிமோனி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டதுதான். ஊர், படிப்பு, வருமானம், விருப்பம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பொருத்தமானவர்களைக் காட்டுகிறது. வீட்டுக்கும் அதே மாதிரி எந்த ஊர், எவ்வளவு பணம், குடியிருக்கவா வாடகைக்கு விடவா என்று கேட்டுச் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும்.

முடியாது. இதைக் கணக்கறிஞர்கள் 1962-லேயே காட்டிவிட்டார்கள். டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு அமெரிக்கக் கணக்கறிஞர்கள் அந்த வருடம் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். மாப்பிள்ளை, பெண் என்று இரு தனி வரிசைகள் இருந்தால், எவரும் தம் துணையை விட்டு ஓடிப் போகக் காரணம் இல்லாதபடி எல்லாரையும் சேர்த்து வைக்க எப்போதும் ஒரு வழி உண்டு என்று அதில் நிரூபித்தார்கள். (இந்தத் துறை ஆய்வுக்காக ஷாப்லி 2012-இல் ஆல்வின் ராத்துடன் நோபல் பரிசு பெற்றார். கேல் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.) ஆனால் ஒரே வரிசையில் நிற்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்ப்பதற்கு, அதாவது அறைத் தோழர்களைப் போலச் சேர்ப்பதற்கு, அந்த உறுதி கிடையாது என்பதையும் அதே கட்டுரையில் காட்டினார்கள்.

பங்கு வீடு இந்த இரண்டாவது வகை. நாலு வியாபாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தக்கலைக்காரர் முதலில் விரும்புவது மார்த்தாண்டத்துக்காரரை. மார்த்தாண்டத்துக்காரர் விரும்புவது குளச்சல்காரரை. குளச்சல்காரர் விரும்புவதோ தக்கலைக்காரரை. நாலாமவர் கடன்காரர், மூவருமே அவரைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். இப்போது யாரை நாலாமவரோடு சேர்த்தாலும், அப்படிச் சேர்க்கப்பட்டவர் மற்ற இருவரில் ஒருவருக்கு முதல் விருப்பமாக இருப்பார். அந்த இருவரும் தத்தம் கூட்டை உடைத்துக்கொண்டு ஒன்று சேர்வார்கள். எப்படி மாற்றி வைத்தாலும் இதே கதைதான். ஆகவே எவ்வளவு கெட்டிக்காரச் செயலி வந்தாலும், அது சேர்த்து வைக்கும் கூட்டு நிலைக்கும் என்று உறுதி தர முடியாது. சேர்ப்பதைக் காட்டிலும், பிரியும்போது என்ன நடக்கும் என்பதைத்தான் அது முதலில் தீர்மானிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இதற்கு மிக நெருக்கமாக வந்தது அமெரிக்காவின் பக்காசோ நிறுவனம். ஆஸ்டின் ஆலிசன், ஸ்பென்சர் ராஸ்காஃப் ஆகிய இருவர் 2020-இல் தொடங்கியது. ஒரு சொகுசு வீட்டுக்கென்றே தனியாக ஒரு கம்பெனி பதிவு செய்து, அதை எட்டுப் பங்கு வரை பிரித்து, ஒருவரையொருவர் அறியாதவர்களுக்கு விற்கிறார்கள். எவர் எந்த நாளில் தங்குவது என்பதைச் செயலி முறைப்படுத்துகிறது. துப்புரவு, பழுது பார்த்தல் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. அங்கே விற்பது வீட்டை அல்ல, கம்பெனியில் ஒரு பங்கை. ஆகவே ஒருவர் விலகினால் மற்ற ஏழு பேருக்கும் வீடு அசையாமல் நிற்கிறது. ஆனால் அது விடுமுறைக்குப் போய்த் தங்குகிற பணக்காரர் வீடு. நாம் பேசுவது குடியிருக்கும் வீடு.

இந்தியாவில் பல பேர் சேர்ந்து கட்டடம் வாங்கும் இணையத் தளங்கள் சில ஆண்டுகளாகவே நடந்து வந்தன. 2024 மார்ச்சில் செபி அவற்றை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. சிறு, நடுத்தர ரீட் என்று அதற்குப் பெயர். திட்டச் சொத்தின் மதிப்பு 50 கோடியிலிருந்து 500 கோடிக்குள், குறைந்தது 200 பேர், ஒருவர் போட வேண்டியது குறைந்தது 10 லட்சம் என்று விதி. பெரும்பகுதி வாடகை வருமானம் தரும் முடிந்த கட்டடங்களாக இருக்க வேண்டும். பணம் போட்டவர் அங்கே போய்ப் பாய் விரித்துப் படுக்க முடியாது. ஆகவே இதுவும் நம் கேள்விக்கு விடை ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு பேர் சேர்ந்து வீடு வாங்கத் தடை ஏதும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி, பொதுப் பணத்தில் அல்லாமல் தனித்தனிப் பணம் போட்டுச் சேர்ந்து வாங்குபவர்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, போட்ட பணத்தின் அளவில் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சாட்சியம் இல்லாவிட்டால் எல்லாருக்கும் சம பங்கு என்றே கொள்ளப்படும். பன்னிரண்டு லட்சம் போட்டவரும் எட்டு லட்சம் போட்டவரும் ஆதாரத்தில் வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தால், பிற்பாடு வம்புதான். பங்கு விகிதத்தை ஆதாரத்திலேயே எழுத வேண்டும். பணமும் வங்கி வழியாகவே போக வேண்டும்.

நம் வட்டாரத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. மூன்று பேர் பணம் போட்டு, ஒருவர் பெயரில் மட்டும் ஆதாரம் முடித்து, மற்ற இருவரும் ஒரு கைச்சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது. நம்பிக்கையின் பேரில் செய்வதுதான். ஆனால் 1988-இல் வந்து 2016-இல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டத்தின் கீழ், சில விலக்குகள் நீங்கலாக, இது குற்றம். சொத்து பறிமுதல் ஆகலாம். பணம் போட்டவர் "இது என் சொத்து" என்று வழக்குப் போடவும் வழியில்லை. செயலி இப்படிப்பட்ட கூட்டைத் தொடக்கத்திலேயே மறுத்துவிட வேண்டும்.

அடுத்தது, பிரிவது. பங்குதாரர் எவரும் எப்போது வேண்டுமானாலும் பாகம் கேட்டு நீதிமன்றம் போகலாம். வீட்டைக் குறுக்கே அறுத்துக் கொடுக்க முடியாது அல்லவா? 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரிப்பதற்கு வசதியில்லாத சொத்தைப் பாதிப் பங்கோ அதற்கு மேலோ உடையவர்கள் கேட்டுக்கொண்டால் நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். மற்றவர்கள் மதிப்பீட்டு விலையில் தாங்களே வாங்கிக்கொள்ளவும் முன்வரலாம். குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கிப் பாகம் கேட்டால், குடும்பத்தாருக்கு அதைத் திரும்ப வாங்கும் தனி உரிமையை அதே சட்டம் தருகிறது. ஆனால் அந்நியர்கள் சேர்ந்து வாங்கிய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நமக்குப் பிடிக்காதவரிடம் பங்காளி தம் பங்கை விற்றுவிட்டால், எழுத்து மூலம் தடுத்து வைத்திருந்தால் ஒழிய, நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாகப் பத்திரத்துக்குக் குடும்பத்தாருக்கு உள்ள கட்டணச் சலுகையும் அந்நியருக்குக் கிடையாது.

பிரிய வழி இல்லாத பொதுச் சொத்து மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதை நாஞ்சில் நாட்டாருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருமக்கள் வழியில் குடும்பச் சொத்து காரணவர் கையில் இருக்க, மற்றவர்கள் கோர்ட்டுக்கு நடந்த கதையைக் கவிமணி மான்மியமாகவே பாடிவிட்டார். கொல்லம் 1101-இல், அதாவது 1925-26-இல், திருவிதாங்கூர் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்த பிறகே பாகம் பிரிய வழி திறந்தது. அங்கே பங்காளிகள் ஒரே இரத்தம். இங்கேயோ செயலி சேர்த்து வைத்த இரு அந்நியர்.

மரணத்தையும் மறக்கக் கூடாது. பங்காளி ஒருவர் உயில் எழுதாமல் காலமானால் அவர் பங்கு நமக்கு வராது, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் ஒருவர் இறந்தால் தாய், மனைவி, மகன்கள், மகள்கள் முதல் வரிசை. நேற்று வரை ஒருவரோடு பேசி முடித்த காரியத்தை இன்று நாலு பேரோடு பேச வேண்டும். அவர்களில் ஒருவர் மைனராக இருந்தால், அந்தப் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்க முடியாது. ஆகவே பங்காளி தேடும் செயலி கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, "உயில் எழுதியிருக்கிறீர்களா?" என்பது. கேட்பதற்குக் கசப்பாகத்தான் இருக்கும்.

வங்கிக் கடனிலும் ஒரு சிக்கல். பொதுவாக வங்கிகள் சொத்தின் எல்லாப் பங்குதாரரையும் கடனிலும் கையெழுத்திடச் சொல்லும். இரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவர்கள் சேர்ந்து கேட்டால் தயங்கும். கொடுத்தாலும், ஒருவர் தவணை கட்டத் தவறினால் முழுத் தொகையையும் மற்றவரிடம் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு. கடைக்கு ஓவர்டிராஃப்ட் வாங்கி நடத்துகிற நமக்குச் சிபில் மதிப்பெண் விழுந்தால், வீட்டோடு கடையும் ஆட்டம் காணும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மூன்று பேர் ஆளுக்கு 20 லட்சம் போட்டு 60 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குவதாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 5,40,000 ரூபாய். ஐந்து வருடம் கழித்து ஒருவருக்கு மகள் கல்யாணம் வருகிறது, பணம் வேண்டும். அப்போது வீட்டின் மதிப்பு 75 லட்சம் என்றால் அவர் பங்கு 25 லட்சம். மற்ற இருவரிடமும் ரொக்கம் இல்லை. வெளியாளுக்கு விற்கலாம், ஆனால் வீட்டில் மூன்றில் ஒரு பங்கை, அதுவும் இருவர் குடியிருக்கும் வீட்டில், யார் முழு விலைக்கு வாங்குவார்? வாங்கினாலும் மறுபடியும் அந்தப் பங்குக்கு 9 சதவீதம், அதாவது 2,25,000 ரூபாய் செலவு.

இதற்கு முதல் நாளிலேயே வழி வைக்கலாம். மூவரும் மாதம் ஆளுக்கு 4,000 ரூபாய் ஒரு பொதுக் கணக்கில் போட்டு வந்தால், 60 மாதத்தில் வட்டி நீங்கலாக 7,20,000 சேரும். விலகுபவருக்கு அவர் போட்ட 2,40,000 திரும்பப் போகும். மற்ற இருவரின் 4,80,000 முதல் தவணை. மீதி 20,20,000 ரூபாயை மூன்று வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் 56,111; ஒருவருக்கு 28,000-க்குச் சற்று மேல். கடினம்தான். ஆனால் இந்த எண்ணை வீடு வாங்கும் முன்பே மூவரும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நம்மால் ஆகாது என்றால் அந்தக் கூட்டு அன்றே வேண்டாம்.

விலையை எப்படி வைப்பது? பதிவு பெற்ற இரு மதிப்பீட்டாளர்களின் சராசரி என்று எழுதலாம். அல்லது ஒருவர் விலை சொல்ல வேண்டும், அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்பதை மற்றவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைக்கலாம். ஒரு பிள்ளை மாம்பழத்தை வெட்ட, மற்றப் பிள்ளை முதலில் எடுப்பது போல. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எதிராளி கையில் பணம் இல்லை என்று தெரிந்தால், வசதியுள்ளவர் வேண்டுமென்றே விலையைக் குறைத்துச் சொல்வார். ஆகவே பணம் திரட்ட மூன்று மாதமாவது அவகாசம் வைக்காமல் இந்த முறையில் இறங்கக் கூடாது. "ஒருபோதும் விற்கக் கூடாது" என்று அறவே தடுக்கும் நிபந்தனையைச் சட்டம் ஏற்பதில்லை. முதலில் பங்காளிகளுக்குச் சொல்ல வேண்டும், இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற வரம்புகளை எழுதிக்கொள்ளலாம். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்று எழுதுவதும் ஆபத்து. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்ககச் சட்டம் 2022, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரு பங்கினர் சம்மதம் போதும் என்று வைத்தது ஒருவரே எல்லாரையும் நிறுத்தி வைக்கும் நிலையைத் தவிர்க்கத்தான்.

இனி, செயலிக்காரர் தம் கூலியை எப்போது வாங்குகிறார் என்பது. தரகர் முன்பணம் கைமாறியதும் தரகை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு சண்டை வந்தால் அவருக்கு என்ன? சிட்டி நடத்துபவரோ அப்படிப் போக முடியாது. அவரும் முன்பின் தெரியாத இருபது பேரைச் சேர்ப்பவர்தான். ஆனால் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்து, சீட்டுத் தொகைக்கு ஈடு கட்டி, கடைசித் தவணை வரை அவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் கமிஷனுக்கும் உச்ச வரம்பு உண்டு. 5 சதவீதமாக இருந்தது 2019 திருத்தத்தில் 7 ஆனது. தவணை தோறும் கமிஷன் வருவதால், சீட்டு முறியாமல் ஓடினால்தான் அவருக்கு லாபம்.

பங்கு வீட்டுச் செயலி தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான்: தரகரைப் பார்த்துச் செய்யாதீர்கள், சிட்டி நடத்துபவரைப் பார்த்துச் செய்யுங்கள். சேர்த்து வைத்த அன்று கொஞ்சம், வருடா வருடம் கொஞ்சம், ஒருவர் சுமுகமாக விலகி மற்றவர் பெயருக்குப் பங்கு மாறும் அன்று மீதி என்று கட்டணத்தைப் பிரித்து வையுங்கள். பொதுக் கணக்கை உங்கள் பெயரில் வைக்காமல் பங்காளிகள் பெயரிலேயே வங்கியில் வையுங்கள். ஆதார் எண்ணும் வருமானக் கணக்கும் வாங்கினால், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

செயலி வரும் வரை காத்திராமல், இப்போதே ஒரு நண்பரோடோ பக்கத்துக் கடைக்காரரோடோ சேர்ந்து வீடு பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிற அதே வாரத்தில் பங்காளி ஒப்பந்தத்தையும் வழக்கறிஞரிடம் கொடுத்து எழுதச் சொல்லலாம். விலகல், விலை, அவகாசம், மரணம் ஆகிய நான்கும் அதில் வர வேண்டும். முன்பணம் கொடுப்பதை அதில் எல்லாரும் கையெழுத்திட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.