எண்ணும் ஒலியும்: கட்டணமின்றிக் கிடைக்கும் ஒரு கல்வி

திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டியிலும் ஒலிபெருக்கியில் பேச்சுக்கு அடியில் 'உம்' என்று விடாது ஓடும் இரைச்சலை நாம் கேட்டுப் பழகிவிட்டோம். அது மின்சாரத்தின் குரல். எமது நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுக்கள் கொண்டது. அந்த மீடிறனிலும் அதன் மடங்குகளான 100, 150 ஆகியவற்றிலும் அவ்விரைச்சல் எழுகின்றது. பதிவு செய்த ஒரு பேச்சிலிருந்து அதை மட்டும் பிரித்து நீக்குவதற்கு இன்று புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கணனியில் சில வரிச் செய்நிரல் போதும். அவ்வரிகளை எழுதக் கற்பிக்கும் துறையே ஒலிச் சமிக்ஞை முறைவழியாக்கம் என்பது. பெயர்தான் பயமுறுத்துகின்றது.

ஒரு காலத்தில் இதைக் கற்பதற்குப் பொறியியற் பீடத்தில் இடம் கிடைக்க வேண்டும், அல்லது பெரிய ஒலிப்பதிவுக் கூடமொன்றில் யாரையாவது அண்டி நிற்க வேண்டும். 2014ஆம் ஆண்டில், பார்சலோனாவிலுள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சேவியர் செர்ராவும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜூலியஸ் ஸ்மித்தும் இணைந்து, இசைக்கான ஒலிச் சமிக்ஞை பற்றிய பத்து வாரப் பயிற்சிநெறியொன்றை 'கோர்சேரா' என்னும் இணையத் தளத்தில் கட்டணமின்றித் தொடங்கினர். விரிவுரைக் குறிப்புக்களையும் செய்நிரல்களையும் திறந்த உரிமத்தின் கீழ் விட்டுள்ளனர். ஸ்மித் இத்துறை பற்றி எழுதிய நான்கு நூல்களையும் எவரும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். பயன்படுத்தும் மொழி பைதன். அதற்கும் காசு இல்லை.

அங்கு கற்பிப்பது என்ன? ஒலி என்பது காற்றின் அசைவு. அதனைக் கணனி எண்களாகவே அறியும். இறுவட்டில் ஒரு செக்கன் ஒலி 44,100 எண்களாகப் பதிவாகின்றது. ஏன் இந்தத் தொகை? எமது செவி ஏறத்தாழ 20,000 மீடிறன் வரை கேட்கும். ஒரு மீடிறனைத் தவறாது பிடிக்க அதன் இருமடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். பழைய தொலைபேசி முறையில் செக்கனுக்கு 8,000 மாதிரிகளே எடுத்தனர். தொலைபேசியில் 'ச' எது 'ஃப' எது என்று மயங்குவதற்குக் காரணமும் அதுவே.

எவ்வளவு சிக்கலான ஒலியையும் சாதாரண சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதே அடுத்த படி. இக்கருத்தைத் தந்தவர் பிரான்சு நாட்டின் ஃபூரியே. 1822இல் வெப்பம் பற்றிய தமது நூலில் இதனை விளக்கினார். (இவர் இளமையில் பெனடிக்ற் சபையில் நவசந்நியாசியாக இருந்து, வார்த்தைப்பாடு கொடுக்குமுன் வெளியேறியவர்.) சாதாரண தர வகுப்பில் "இந்த சைனும் கோசைனும் எதற்கு?" என்று முணுமுணுத்த பிள்ளைகளுக்கு இங்கே அதற்கான விடை காதில் கேட்கின்றது.

ஒரு சிறு பயிற்சியைச் சொல்கின்றோம். நூறு எண்களைக் கண்டபடி எழுதி வரிசையாக வையுங்கள். முதலாவது எண்ணை ஒலிக்கவிட்டு, அதற்கும் அடுத்த எண்ணுக்கும் சராசரி கண்டு வரிசையின் கடைசியில் சேருங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்யுமாறு கணனிக்குக் கட்டளையிடுங்கள். கேட்பது இரைச்சல் அல்ல. தந்தி ஒன்றை மீட்டியது போன்ற நாதம், மெல்ல மெல்ல அடங்கிப்போகின்றது! கார்ப்ளஸ், ஸ்ட்ரோங் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட முறை இது. நூறு எண்களுக்குப் பதில் இருநூறு வைத்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். நீளமான தந்தி தாழ்ந்து ஒலிப்பது போலத்தான். பத்து வரிக்குள் அடங்கும் இந்தச் செய்நிரலை எழுதிக் கேட்டவருக்கு மிகுதியைக் கற்கும் ஆவல் தானாக வரும்.

செர்ராவின் குழுவினர் 2011 முதல் 2017 வரை, ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுடன், சென்னை ஐ.ஐ.ரி.யையும் சேர்த்துக்கொண்டு கர்நாடக இசையையும் வேறு நான்கு இசை மரபுகளையும் ஆராய்ந்தனர். அதனால் அவர்களது செய்நிரற் பொதியில் பியானோவோடு மிருதங்கமும் மாதிரி ஒலியாக உண்டு. மிருதங்கத்தின் கரணை, தோலின் உபசுரங்களை ஒழுங்கான மடங்குகளாக்குகின்றது என்பதை சர் சி. வி. இராமன் 1920இல் எடுத்துக் காட்டினார். அதையே இன்று கணனித் திரையில் கோடுகளாகக் காணலாம்.

ஆயினும் 'இலவசம்' என்ற சொல்லை நாம் அப்படியே நம்பிவிடலாகாது. பாடங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. இரண்டாம் வாரத்திலேயே சிக்கலெண்கள் வந்துவிடுகின்றன. இத்தகைய இணையப் பயிற்சிகளில் சேர்வோரில் மிகப் பெரும்பாலானோர் முடிக்காமலே விட்டுவிடுகின்றனர் என்பது எல்லோரும் அறிந்ததே. சோம்பல் மட்டும் காரணமல்ல. தனியறையில், கேட்பதற்கு ஆளில்லாமல், பிழைச்செய்தி ஒன்றுடன் மூன்று இரவுகள் போராடுபவர் நான்காம் இரவு எழுந்து போய்விடுகின்றார். ஆகவே தனியே தொடங்க வேண்டாம் என்றே நாம் சொல்வோம். மூன்று நான்கு பேர், ஒரு மடிக்கணனி, அவர்களுள் உயர்தரக் கணிதம் படித்த ஒருவர், ஆர்மோனியமோ மிருதங்கமோ தெரிந்த ஒருவர், ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லும் ஒருவர் இருந்தால் போதும். பத்து வாரம் இருபது வாரமானாலும் குடி முழுகிப் போகாது.

"வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. காது கேட்கும் கருவி, கைத்தொலைபேசி, இசைக்கருவி செய்யும் தொழில்களில் இவ்வறிவுக்கு இடமுண்டு. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை எமது நாட்டுக்கு வெளியே.

எமது கைக்கெட்டிய வேலை வேறொன்று உண்டு. கிராமங்களில் நாட்டுக்கூத்துப் பாடல்கள் பழைய ஒலிநாடாக்களில் கிடக்கின்றன. பாடிய அண்ணாவிமார் பலர் இன்று இல்லை. நாடாவின் காந்தப் பூச்சோ உதிர்ந்து வருகின்றது. அவற்றைக் கணனிக்கு மாற்றி, எவரும் பாடாத ஒரு செக்கன் இரைச்சலை அளந்து, அதன் மீடிறன்களை முழுப் பதிவிலும் குறைக்கலாம். 'ஓடாசிற்றி' என்னும் இலவச மென்பொருள் பொத்தானை அழுத்தியதும் இதைச் செய்துவிடும். அங்கேதான் ஆபத்தும் உள்ளது. சல்லாரியின் ஓசை நாடாவின் இரைச்சலைப் போலவே மேல் மீடிறன்களில் பரந்து கிடப்பது. பொத்தானுக்கு இரண்டும் ஒன்றே. அளவு மிஞ்சினால் தாளம் மங்கி, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். எந்த மீடிறனில் எவ்வளவு குறைப்பது என்று தீர்மானிக்க, செய்நிரலின் உள்ளே நடப்பதை அறிந்தவராகவும் அந்தக் கூத்தைக் கேட்டு வளர்ந்தவராகவும் ஒருவர் வேண்டும். வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பினால் முதலாவது தகுதியுள்ளவர் கிடைப்பார். இரண்டாவது தகுதி அங்கே கிடையாது.

தொடங்குவோர் முதலில் நாடாவை உள்ளபடியே, எதையும் நீக்காமல், ஒரு பிரதி எடுத்து வேறாக வைக்கட்டும். திருத்தும் வேலை எல்லாம் இன்னொரு பிரதியில் நடக்கட்டும்.