குளூட்டன் நீங்கினால் போதுமா?

'குளூட்டன் இல்லாதது' என்ற சொற்றொடர் அண்மைக்காலமாக அடுமனைப் பண்டங்களின் விலையை உயர்த்தும் முத்திரையாகிவிட்டது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். சீலியாக் நோயாளிகளுக்கு அது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும். அவர்கள் வாழ்நாள் முழுவதும் அதைத் தவிர்த்தே ஆகவேண்டும். ஆனால், நீரிழிவாளர் ஒருவர் அந்த முத்திரையை நம்பிச் சாக்லேட் மஃபின் வாங்கினால் ஏமாற நேரலாம். கோதுமைக்கு மாற்றாக அதில் பெரும்பாலும் அரிசி மாவோ மரவள்ளி மாவோ இருக்கும், சர்க்கரையோ குறைந்திராது.

வீட்டில் செய்துகொள்வது எளிது. எட்டு மஃபின்களுக்குக் கேழ்வரகு மாவும் பாதாம் மாவும் தலா முக்கால் கோப்பை, இனிப்பில்லாத கோக்கோ தூள் மூன்று மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, முட்டை இரண்டு, மசித்த சிறிய வாழைப்பழம் இரண்டு, எண்ணெயும் பாலும் தலா கால் கோப்பை, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. குளூட்டன் இல்லாத மாவைப் பிணைப்பது முட்டையே. கேழ்வரகு நீரை மெல்ல உறிஞ்சுமாதலால், கலவையைக் கால் மணி நேரம் ஊறவிட்டு, அதன்பின் பேக்கிங் பவுடரைக் கலந்து, 180 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் வேகவைக்கலாம். இனிப்போடு ஈரத்தையும் காப்பது சர்க்கரை. அதைக் குறைத்தால் மஃபின் உலரும். வாழைப்பழம் அதனை ஓரளவு ஈடுசெய்கிறது. (நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்!)

குளூட்டன் இல்லாத உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது இந்திய விதி. கோதுமை அரைத்த எந்திரத்திலேயே அரைத்த கேழ்வரகு மாவு இந்த வரம்பை மீறக்கூடும். எனவே, சீலியாக் நோயுள்ள குழந்தை இருக்கும் இல்லத்தில் தானியத்தைக் கழுவி உலர்த்தி, தனி மிக்ஸி ஜாரில் அரைப்பதே பாதுகாப்பு. சல்லடையும் தனியாக இருக்கட்டும்.