ஒழுகாத லீக்

போன செமஸ்டர் மினி புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க மறுநாள் காலை 9 மணிதான் கடைசி. ராத்திரி 11 மணிக்கு ஹாஸ்டல் ரூமில், சீனியர் ஒருத்தர் விட்டுட்டுப் போன பழைய இங்க்ஜெட் பிரிண்டரில் 42 பக்கத்தை ஓட விட்டோம். அன்னைக்குத்தான் சிரிஞ்ச் வச்சு கருப்பு மை நிரப்பியிருந்தோம். முதல் ஆறு பக்கம் அருமை. ஏழாவது பக்கத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு. பத்தாவது பக்கம் சுத்தமா வெள்ளை.

கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பார்த்தா கனமா இருக்கு. உள்ளே மை குலுங்குது. ஒரு சொட்டு கூட வெளியே ஒழுகலை. நாலு மெக்கானிக்கல் பசங்க ஒரு மணி நேரம் முழிச்சதுதான் மிச்சம்.

காலையில் கேட்டுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கிட்டு ஓடினோம். அண்ணன் கார்ட்ரிட்ஜ் உட்கார்ற இடத்தை டார்ச் அடிச்சுப் பார்த்தார். ட்வீசரால் சின்னதா ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து விரல் நுனியில் வச்சுக் காட்டினார்.

"மை எல்லாம் இருக்கு தம்பி. காத்து புகுந்துடுச்சு. இந்த வாஷர் சப்பையாயிடுச்சு பாருங்க."

மை ஒழுகினா லீக்னு சொல்லலாம். ஒழுகவே இல்லையே, அப்புறம் எப்படி லீக்? அந்தக் கேள்விக்கு விடை தேடினப்போ கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை.

பிரிண்டர் எப்பவும் உள்ளே உறிஞ்சிக்கிட்டே இருக்கு

இங்க்ஜெட் தலையில் நூற்றுக்கணக்கான நுண் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 20 மைக்ரோமீட்டர் விட்டம். நம்ம தலைமுடியே அதைவிடத் தடிமன். சில பிரிண்டர்களில் துளைக்குப் பின்னால் ஒரு குட்டி ஹீட்டர் மையைக் கொதிக்க வைத்து, அந்த ஆவிக் குமிழியால் சொட்டைத் தள்ளும். வேறு சிலவற்றில் பீசோ படிகம் அழுத்தித் தள்ளும். எதுவானாலும் துளைக்குக் கதவோ வால்வோ கிடையாது. அது எப்பவும் திறந்தேதான் இருக்கு. அப்படியிருந்தும் சும்மா இருக்கும்போது ஏன் மை சொட்டுறதில்லை?

துளை வாயில் மை ஒரு மெல்லிய வளைந்த பரப்பாக நிற்கிறது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படிச்ச அதே மெனிஸ்கஸ். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.035 நியூட்டன், ஆரம் 10 மைக்ரோமீட்டர்னு வச்சுக்கோங்க. இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தா சுமார் 7000 பாஸ்கல் வரும். ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம். அப்படின்னா அஞ்சு சென்டிமீட்டர் உயர மையை அது சுலபமா தாங்கணும் இல்லையா?

தாளில் தாங்கும். நிஜத்தில் துளையைச் சுற்றியுள்ள தகடு மையால் நனைஞ்சிருக்கும். மெனிஸ்கஸ் துளை விளிம்பைத் தாண்டி அந்த ஈரத்தில் பரவினா ஆரம் பெருசாகும், தாங்கும் சக்தி விழுந்துடும், மை ஒழுக ஆரம்பிக்கும். அதனால வடிவமைப்பாளர்கள் உள்ளே இருக்கிற மையை வெளிக்காற்றை விடக் கொஞ்சம் குறைந்த அழுத்தத்தில் வைக்கிறாங்க. சுமார் 5 முதல் 15 சென்டிமீட்டர் நீர் உயரம் அளவுக்கு ஒரு மெல்லிய உறிஞ்சல். ஸ்பாஞ்ச் வைத்தோ, ஸ்பிரிங் வைத்த பையாலோ, மைத்தொட்டியைத் தலைக்குக் கீழே வைத்தோ இதை உண்டாக்கலாம். உறிஞ்சல் ரொம்பக் கூடினா துளை வழியாகவே காற்று உள்ளே வந்துடும். குறைஞ்சா மை சொட்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கணும்.

இப்போ எங்க ராத்திரிக் கதைக்கு விடை கிடைச்சிருச்சு. உள்ளே உறிஞ்சல் இருக்கிற குழாயில் இணைப்பு சரியா மூடலைன்னா, மை வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். வெளியே துடைக்க ஒரு கறை கூட இருக்காது.

உள்ளே போன காற்று என்ன செய்யும்? தலைக்கு முன்னால் இருக்கிற நுண்வலை வடிகட்டியில் போய் உட்காரும். நனைந்த வலை காற்றை எளிதில் விடாது, அதனால குமிழி அங்கேயே நின்னு மையின் வழியை அடைக்கும். துளை அறைக்குள்ளேயே போயிட்டா இன்னும் மோசம். பீசோ கொடுக்கிற அழுத்தத்தைக் குமிழி பஞ்சு மாதிரி வாங்கிக்கும், சொட்டு கிளம்பாது. ஹீட்டர் தலையில் மை இல்லாமல் ஹீட்டர் மட்டும் சுடும்.

இணைப்பே வேண்டாம் என்ற முதல் விடை

1984-ல் ஹெச்பி நிறுவனம் திங்க்ஜெட் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் மைப் பையும் துளைத் தலையும் ஒரே துண்டு. மை தீர்ந்தா தலையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும். வீணடிக்கிற மாதிரி தோணும். ஆனா சீல் பார்வையில் இது கெட்டிக்காரத்தனம். பயனர் கையால் மாட்டிக் கழற்றும் இடத்தில் மின் தொடர்பு மட்டும்தான், மைத் தொடர்பே இல்லை. இல்லாத இணைப்பு லீக் ஆகாது.

ஆனா தலை மையை விடப் பல மடங்கு உழைக்கும். நல்லா இருக்கிற தலையை ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போடுவது செலவு. தலையை வைத்துக்கொண்டு மையை மட்டும் மாற்றணும்னா பயனர் கையால் திறந்து மூடும் ஒரு மை இணைப்பு வந்தே தீரும். கண்டுபிடிப்புகள் வரிசைகட்டி வந்தது இங்கேதான்.

ஸ்பாஞ்சோடு ஸ்பாஞ்ச்

ஒரு வழி, மைத்தொட்டியின் வாயில் நார்ப்பொருள் திரி ஒன்றை வைப்பது. தலையின் நுழைவாயில் நுண்வலை இருக்கும். தொட்டியை அழுத்தி மாட்டினா ஈரத் திரி ஈர வலையோடு ஒட்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மை நுண்புழை விசையால் கடந்து போகும். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் காற்றைத் தடுக்கும். எங்க பிரிண்டரில் சப்பையானது இந்த வளையம்தான்.

இதன் அழகு எளிமை. ஊசி இல்லை, வால்வு இல்லை. பலவீனம், எல்லாமே அந்தத் தொடுதலை நம்பி இருக்கு. கார்ட்ரிட்ஜ் சரியா 'கிளிக்' ஆகாம கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு பக்கம் இடைவெளி விழும்.

ஊசியும் ரப்பர் மூடியும்

இரண்டாவது வழியை நீங்க ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீங்க. நர்ஸ் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி மருந்தை எடுப்பாங்க. எடுத்ததும் ஓட்டை தானா மூடிக்கும். அந்த ரப்பர் மூடிக்குச் செப்டம்னு பேர். கார்ட்ரிட்ஜில் செப்டம், பிரிண்டரில் உள்ளீடற்ற ஊசி. மாட்டினா குத்தும், கழற்றினா மூடும். கேட்க எளிது. செய்து பார்த்தா சிக்கல்கள் ஒவ்வொன்றா தலை தூக்கும்.

முதல் சிக்கல், கூரான ஊசி ரப்பரைத் துளைக்கும்போது கொய்யாப்பழத்தில் குழாய் செருகின மாதிரி ஒரு துணுக்கை வெட்டி எடுத்துடும். அந்தத் துணுக்கு மைப்பாதையில் போய் அடைக்கும். விடை: ஊசி முனையை மழுக்கி மூடிவிட்டு, துளையைப் பக்கவாட்டில் போடுவது. ரப்பரில் முன்கூட்டியே ஒரு கீறல் போட்டு வைப்பது. ஊசி வெட்டாது, கீறலை விலக்கிக்கொண்டு நுழையும்.

இரண்டாவது சிக்கல், கார்ட்ரிட்ஜ் இல்லாத நேரம் ஊசியின் பக்கத் துளை திறந்து கிடக்கும். பிரிண்டரின் உள் உறிஞ்சல் அது வழியா காற்றை இழுக்கும். விடை: ஊசி மேல் ஒரு சின்னச் சட்டை. ஸ்பிரிங் அதை மேலே தள்ளித் துளையை மூடி வச்சிருக்கும். கார்ட்ரிட்ஜ் வந்து அழுத்தினா சட்டை கீழே இறங்கும், துளை ரப்பருக்குள்ளே போன பிறகுதான் திறக்கும்.

மூன்றாவது சிக்கல், வெகுநாள் ஊசி குத்தியே இருந்தா கீறல் விரிஞ்சே நின்னுடும். கழற்றினதும் மை வழியும். விடை: செப்டத்துக்குப் பின்னால் ஸ்பிரிங் தள்ளுகிற ஒரு குட்டிக் குண்டு. ஊசி அதைப் பின்னுக்குத் தள்ளி மையை எடுக்கும். ஊசி வெளியேறினா குண்டு வந்து வாயை அடைச்சுக்கும். ரப்பர் சோம்பினாலும் குண்டு காவல் இருக்கும்.

இந்தச் சட்டை, செப்டம், குண்டு மூன்றையும் 1990களில் ஹெச்பி எடுத்த காப்புரிமைப் படங்களில் ஒன்றாகப் பார்க்கலாம். அதில் கவனிக்க வேண்டியது வரிசை. கழற்றும்போது துளை சட்டைக்குள் போகணும், குண்டு உட்காரணும், அப்புறம்தான் ஊசி ரப்பரை விட்டு வெளியே வரணும். ஸ்பிரிங் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினா வரிசை மாறும்.

இன்னொரு நுணுக்கம், சட்டையின் முகமும் செப்டத்தின் முகமும் தட்டையா ஒட்டுமாறு செய்வது. ஏன்னு ஒரு கணக்குப் போடுங்க. 3 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி நடுவில் இருந்தா, மாட்டும் ஒவ்வொரு தடவையும் சுமார் 7 மைக்ரோலிட்டர் காற்று சிக்கும். ஒரு மைச்சொட்டு 5 பைக்கோலிட்டர் என்றால், அந்தக் காற்று 14 லட்சம் சொட்டுகளின் இடத்தைப் பிடிக்கும்.

ரப்பர்னா எல்லாம் ரப்பர் இல்லை

வடிவம் சரியா இருந்தும் பொருள் தப்பானா சீல் தோற்கும். சிலிக்கோன் மெத்துன்னு இருக்கும், சூடு தாங்கும். ஆனா அது வாயுவை மிக எளிதில் கசிய விடும் ரப்பர். கடைகளில் சிலிக்கோன் குழாய் போட்டு வெளியில் மைத்தொட்டி மாட்டித் தரும்போது, ஓட்டையே இல்லாத குழாயில் நாளடைவில் குமிழி தெரியும். சுவர் வழியா காற்று ஊடுருவுது, மையின் நீர் ஆவியா வெளியேறுது. பியூட்டைல் ரப்பர் இதற்கு நேர் எதிர். டியூப்லெஸ் டயரின் உள்பூச்சில் அதைத்தான் போடுறாங்க. ஈபிடிஎம் ரப்பர் நீர், கிளைக்கால் கலந்த மையில் ஊதாது, ஆனா எண்ணெய் பட்டா கெட்டுடும். அதனால இறுக்கமா இருக்குன்னு பிரிண்டர் வாஷரில் தேங்காய் எண்ணெய் தடவாதீங்க.

அழுத்தி வச்ச ரப்பர் காலப்போக்கில் பழைய உயரத்துக்குத் திரும்பாது. மெட்டீரியல்ஸ் பாடத்தில் இதைக் கம்ப்ரஷன் செட்னு படிச்சிருப்பீங்க. அண்ணன் சொன்ன 'சப்பை' அதுதான். குளிரில் ரப்பர் திரும்பும் வேகமும் குறையும். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு அழிந்ததற்குக் காரணம், குளிரில் விறைத்த ஓ-ரிங் இடைவெளியை நேரத்துக்கு நிரப்பாததுதான். நம்ம பிரிண்டரில் உயிர் போகாது, ரிப்போர்ட் போகும். அடிப்படைப் பாடம் ஒன்றே.

எல்லாத்தையும் இறுக்கி மூடவும் கூடாது

மை குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரணும். வராட்டி உறிஞ்சல் ஏறிக்கிட்டே போய் மை நின்னுடும். அதனால பல கார்ட்ரிட்ஜின் மேல்மூடியில் பாம்பு மாதிரி வளைஞ்சு போற மெல்லிய கால்வாய் ஒன்று இருக்கும். காற்று நுழையப் போதுமான வழி, நீராவி தப்பிக்க ரொம்ப நீளமான வழி. புதுக் கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருக்கிற வண்ண டேப் பெரும்பாலும் இந்த வாயைத்தான் மூடியிருக்கும். உரிக்காம மாட்டினா கொஞ்ச பக்கம் அடிச்சுட்டு நின்னுடும்.

முழுசா மூடிய தொட்டியில் 10 மில்லிலிட்டர் காற்று இருந்து, 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடானா, சுமார் அரை மில்லிலிட்டர் விரியும். அத்தனை மையும் துளை வழியாத்தான் வெளியே வரணும். விமானத்தில் போனா இன்னும் அதிகம். கேபின் அழுத்தம் சுமார் 75 கிலோபாஸ்கலுக்கு இறங்கும்போது அந்தக் காற்று 13 மில்லிலிட்டருக்கு மேல் ஆகப் பார்க்கும்.

நீங்க செய்யக்கூடியது

மை நிரப்பின பிறகு வெள்ளைக் கோடு வந்தா, முதலில் டேப்பையும் காற்று வாயையும் பாருங்க. அடுத்து கார்ட்ரிட்ஜ் நேரா உட்கார்ந்திருக்கா, வாஷர் தட்டையா இருக்கா, தூசியோ முடியோ ஒட்டியிருக்கான்னு பாருங்க. இதெல்லாம் பார்க்காம ஹெட் கிளீனிங் அடிச்சுக்கிட்டே இருந்தா மைதான் வீணாகும். பிரிண்டரைச் சுவர் ஸ்விட்சில் நேரா அணைக்காதீங்க. அதன் பட்டனில் அணைச்சாதான் தலை போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். அதுவும் ஒரு சீல்தான்.

அப்படியே புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறவங்களுக்கு ஒரு யோசனை. காப்புரிமைக்கு ஆயுள் 20 வருஷம். 1990களில் விண்ணப்பித்தவை காலாவதியாயிடுச்சு, இன்னைக்கு யார் வேணும்னாலும் செய்து பார்க்கலாம். கூகுள் பேட்டன்ட்ஸில் இலவசமா படிக்கலாம். 'இங்க் செப்டம் நீடில்' என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்க. எடுத்ததும் கிளெய்ம் பகுதியைப் படிச்சா தலை சுத்தும். முதலில் படங்களையும் பின்னணிப் பகுதியையும் படிங்க. முன்னால் வந்த வடிவங்கள் ஏன் தோற்றன என்று அங்கே எழுதியிருப்பாங்க. நம்ம டெக்ஸ்ட் புக்கில் ஜெயிச்ச டிசைன் மட்டும்தானே இருக்கு.

அண்ணன் புது வாஷர் போட்டு, சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி எடுத்துட்டு இருபது ரூபாய் வாங்கிக்கிட்டார். மீதிப் பக்கங்களை அவர் கடை டேபிளிலேயே அடிச்சு, 8:50-க்கு ரிப்போர்ட்டைக் கொடுத்தோம். சப்பையான அந்தப் பழைய வளையத்தைக் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். நேரில் பார்க்கணும்னா ஹாஸ்டல் பக்கம் வாங்க.